இரண்டாம் நாள்

ஜனவரி 5, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த புது டைரி. தென்காசிக்குப் போய்விட்டுச் சாயங்கால பாசஞ்சரில் திருநெல்வேலிக்குத் திரும்பினேன். வடிவக்கா இன்று எழுந்து உட்கார்ந்து என்னோடு ஓர் இட்லி சாப்பிட்டாள். அத்தான் அதை எனக்கு மூன்று தடவை சொன்னார், நான் பக்கத்திலேயே இருந்து பார்த்ததை.

புது டைரி என்பதால் எல்லாவற்றையும் ஒரு முறை எழுதி வைத்துவிடுகிறேன். என் அக்கா சண்முகவடிவுக்கு நாற்பத்து மூன்று வயது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட். தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பக்கம் அவள் ஸ்கூட்டர் நிற்காத தெரு கிடையாது. சில வருடங்களுக்கு முன் ஆடி மாதத்தில் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்தது, எல்லோருக்கும் போய்விட்டது. அக்காவுக்குக் காய்ச்சல் போனது, அதோடு வந்த அசதி போகவில்லை. குளித்தால் மதியம் வரை படுக்க வேண்டும். யாராவது வந்து பேசிவிட்டுப் போனால் மறுநாள் முழுக்கப் படுக்கை. ரத்தம், ஸ்கேன், தைராய்டு எல்லாம் நார்மல். "பிள்ள இல்லாத கவல, வேற என்ன" என்று சொந்தக்காரர்கள் முடித்துவிட்டார்கள். ஒரு பெரிய டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். அக்கா நடந்தாள். சொன்னதைச் செய்கிறவள். அப்படி ஒரு மாதம் நடந்த பிறகுதான் கட்டிலோடு ஒட்டிக்கொண்டாள்.

இதற்கு நாள்பட்ட சோர்வு நோய் என்று பெயர் இருக்கிறது. மருந்து இல்லை. ஜெபசிங் சாரும் நானும் மருத்துவக் கல்லூரியின் பழைய கட்டிடத்தில் ஓர் அறையில் இதைத்தான் ஆராய்கிறோம். அவர் பேராசிரியர், இந்தக் கோடையில் ஓய்வு பெறுகிறார். நான் உயிர்வேதியியல் படித்த ஒப்பந்த ஊழியர். அக்காவுக்கு வந்த பிறகுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

ஜனவரி 8, புதன்

காலையில் ஃப்ரீசரில் கட்டியிருந்த ஐஸைச் சுரண்டி எடுத்தேன். அதற்குள் எங்கள் நோயாளிகளின் ரத்தம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு குப்பி, முதல் நாள் எடுத்தது ஒன்று, இரண்டாம் நாள் எடுத்தது ஒன்று.

எங்கள் ஆராய்ச்சி முழுவதும் அந்த இரண்டாம் நாளில்தான் இருக்கிறது. ஒரு கைப்பிடிக் கருவியை அமுக்கச் சொல்வோம். பலம் எவ்வளவு என்று அது காட்டும். நல்ல உடம்புக்காரர் அமுக்கிக் களைத்துப் போனாலும் மறுநாள் பழைய பலத்தோடு வருவார். எங்கள் நோயாளிகள் முதல் நாள் கிட்டத்தட்ட மற்றவர்கள் மாதிரியே அமுக்குவார்கள். மறுநாள் பாதிகூட வராது. ரத்தத்திலும் அந்த வித்தியாசம் தெரிகிறது. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் நிதி கேட்கிறோம்.

மூன்று இடங்களில் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஓரிடத்தில், "இந்த நோய் நம் நாட்டில் எத்தனை பேருக்கு உள்ளது என்பது தெரியவில்லை" என்று காரணம் எழுதியிருந்தார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பணம் கேட்டிருந்தோம்.

மதியம் சார் வேகமாக உள்ளே வந்தார். நாலாவதாகக் கேட்டிருந்த அறக்கட்டளை எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. பிப்ரவரி 20, மதுரை. குழுவின் முன்னால் பேச வேண்டும். நோயாளி ஒருவரையும் அழைத்து வந்தால் நல்லது என்கிறார்கள்.

"யாரக் கூட்டிட்டுப் போறது?" என்று சார் கேட்டார்.

கல்லிடைக்குறிச்சி நெசவுக்காரருக்கு வெளிச்சமே ஆகாது. பாளையங்கோட்டைக் கல்லூரிப் பெண்ணை அவள் அப்பா அனுப்ப மாட்டார், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களால் உட்காரவே முடியாது. சார் அதற்கு மேல் எந்தப் பெயரும் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

என் ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடிகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

அக்காவிடம் மதுரைச் செய்தியைச் சொன்னேன். நான் எதுவும் கேட்கவில்லை. செய்தியைத்தான் சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறந்தாள். "எத்தன பேருட்டி குழுவுல?"

"அஞ்சாறு பேரு இருப்பாங்க."

"ஆம்பளையா பொம்பளையா? வயசானவங்களா?"

"எதுக்குக் கேக்க?"

"யாருன்னு தெரிஞ்சாத்தான பேச முடியும்? உங்க சாரு நாலு வருசமா படம் காட்டிட்டு இருக்காரு, ஒருத்தனும் அசையல. என்னையக் கூட்டிட்டுப் போ. அவனுகளுக்கு ஒரு பாலிசியப் போட்டுருவோம்."

அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது! அடுக்களையில் அத்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஆனால் அவர் வெளியே வரவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

அத்தான் பேச்சிமுத்து மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். அதிகம் பேசாதவர். அக்கா பேசுவது இரண்டு பேருக்கும் போதும் என்று இருந்தவர். இன்று என்னை ரயில் நிலையத்தில் விட வந்தபோது வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்.

"காந்தி, நீ படிச்சவ. நீதான் சொன்ன, ஒரு நாளு அலைஞ்சா மறுநாளு இழுத்துப் போட்டுரும்னு. மதுரைன்னா போக வர முழு நாளுல்லா?"

முன்னாலும் பின்னாலும் ஒரு வாரம் முழு ஓய்வு, காரில் படுத்தபடியே பயணம், பேச்சு ஐந்து நிமிடம்தான், ஜெபசிங் சார் பக்கத்திலேயே இருப்பார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ பக்கத்துல இருப்பல்லா?"

"இருப்பேன் அத்தான்."

"சரி. அவளும் ஆசப்படுதா." காந்திமதி என்கிற என் பெயரை அவர் ஒரு நாளும் முழுதாகச் சொன்னதில்லை. இன்று, "பாத்துக்க காந்திமதி" என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒத்திகை. அக்கா படுத்துக்கொண்டே பேசிக் காட்டினாள். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்தான். ஓர் இடத்தில் நான் அழுதுவிட்டேன். "நீ அழுத எடத்தச் சொல்லு, அத முன்னால வச்சிருவோம்" என்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஒத்திகை முடிந்த பிறகு, செவ்வாயும் புதனும் அக்காவால் போனைக் காதில் வைக்க முடியவில்லையாம். வியாழன் சரியாகிவிட்டது. அப்படியென்றால் மீண்டு வருகிறாள் என்றுதானே அர்த்தம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, காதுக்கு அடைப்பான், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், சின்னத் தலையணை வாங்கினேன். வீட்டு கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய மறந்து ரசத்தை லேப் அடுப்பில் சுட வைத்தேன். சார் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்.

பிப்ரவரி 19, புதன்

தென்காசியில் இருக்கிறேன். நாளைக்குக் கிளம்புகிறோம். சாரிடமிருந்து போன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா சாதாரணமா வந்தாப் போதும், என்ன? பவுடர், பூ எல்லாம் வேண்டாமே. பாக்கிறவங்களுக்கு..."

நான் அக்காவிடம் சொன்னேன். அவள் மஞ்சள் பட்டுச்சேலையைக் கட்டில்மேல் எடுத்து வைத்திருந்தாள்.

"ஏட்டி, நான் பிச்சையா எடுக்கப் போறேன்? அழுக்குச் சேலையும் பரட்டத் தலையுமாப் போயி நின்னு ஒரு பாலிசி போட்டதில்ல இன்னைக்கு வர."

"அக்கா, சார் சொல்லுததுலயும்..."

"நான் மூணு வருசமா நைட்டில கெடக்கேன். ஒரு நாளு சேல கட்டிக்கிடுதேன், விடு."

நான் விட்டுவிட்டேன். அத்தான் அவளுக்குத் தலை சீவிவிட்டார். பின்னலைப் பிரித்துப் பிரித்து மறுபடி போட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

மதுரையில் அறக்கட்டளையின் விருந்தினர் விடுதி. எங்களுக்குக் கொடுத்த அறையில் ஏசி இருந்தது. நான் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் பின்சீட்டில் அக்காவைப் படுக்க வைத்துக் கிளம்பினோம். கண்பட்டையைப் போடவே மாட்டேன் என்றாள். புளியங்குடி வந்ததும், "கண்ணாடியக் கொஞ்சம் எறக்கு" என்றாள். எலுமிச்சைச் சந்தைக்கு லாரிகள் நின்றிருந்தன. வாசனை உள்ளே வந்தது. "இந்தத் தெருவுல மட்டும் நாப்பது பாலிசிட்டி எனக்கு" என்றாள். வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம் என்று ஒவ்வொரு ஊருக்கும் அவளிடம் ஒரு கதை இருந்தது. பேச வேண்டாம் என்றேன். ஒரு தடவை சொன்னேன்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் வயதான சிறுநீரக நிபுணர், மென்மையாகப் பேசுகிறவர். பக்கத்தில் பொதுச் சுகாதாரம் படித்த ஓர் அம்மா. சார் முதலில் வரைபடங்களைக் காட்டினார். அந்த அம்மா கேட்டார், "இந்த நோயில இறப்பு விகிதம் என்ன டாக்டர்?"

"நேரடியா இறப்பு ரொம்பக் குறைவு மேடம்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அப்போது அக்கா, தன் முறை வருவதற்குள்ளேயே எழுந்தாள்.

"வணக்கம் மேடம், வணக்கம் சார். எம் பேரு சண்முகவடிவு. பாலிசி விக்கிறவ. இன்னைக்கு விக்க ஒண்ணும் கொண்டாரல, பயப்படாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"மேடம் கேட்டது சரிதான். இதுல சாவு இல்ல. அதுதான் எங்களுக்குக் கஷ்டம். செத்தா ஊரு நம்பிரும். சார், நீங்க காலைல பல்லு தேச்சுட்டுத்தான வந்தீங்க? தேய்க்கலாமா வேண்டாமான்னு யோசிச்சீங்களா? நான் யோசிக்கணும். பல்லு தேச்சா அன்னைக்குத் தல சீவ முடியாது. தல சீவுனா பேச முடியாது. எங்க வீட்டுக்காரரு கரண்டு கம்பத்துல ஏறி எறங்கி வாராரு. அவருகூட ரெண்டு வார்த்த பேசணும்னு நான் பல நாளு பல்லே தேய்க்காமக் கெடந்திருக்கேன். அப்புறம் பேசுனா வாயி நாறும்லா? அதனால, தள்ளி உக்காருங்கம்பேன். அவரு கிட்ட வந்து உக்காருவாரு."

இந்த இடத்தில்தான் நான் அன்று அழுதேன். இன்று அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா நிறுத்தவில்லை. நெசவுக்காரரைப் பற்றிச் சொன்னாள், கல்லூரிப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள், அவர்கள் யாரையும் நேரில் பார்த்ததில்லை அவள், நான் சொல்லிக் கேட்டதுதான். ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. நான் சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சேலை மஞ்சளில் அந்த அறையே அவளுடையது மாதிரி நின்றாள்.

முடித்ததும் தலைவர் சொன்னார், "ரொம்ப நல்லாப் பேசுனீங்கம்மா. எங்க கான்ஃபரன்ஸ்ல பேசுற டாக்டருங்க உங்ககிட்ட கத்துக்கணும். நிஜமா, உங்களப் பாத்தா நோயாளின்னே தோணல."

"நாளைக்கு வீட்டுக்கு வாங்க சார். நாளக்கழிச்சும் இருங்க. அப்பப் பாருங்க என்னைய."

"வரோம்மா, கண்டிப்பா வரோம்" என்று சிரித்தார். விருந்துக்குக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. சார் அவசரமாக இரண்டாம் நாள் வரைபடத்தைத் திரும்பப் போட்டார். அடுத்த ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள்.

தலைவர் எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். சாரிடம், "டயாலிசிஸுக்கு மிஷின் இல்லாம என் கண்ணு முன்னால சாகுறாங்க டாக்டர். இருக்கிறது ஒரு பானைச் சோறு. யாருக்குப் போடுறது?" என்றார். பொய்யாகச் சொன்ன மாதிரி இல்லை.

அக்கா இப்போது தூங்குகிறாள். நாளைக் காலை திரும்புகிறோம்.

பிப்ரவரி 21, வெள்ளி

தென்காசி வந்து சேர்ந்தோம். அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். வழி முழுக்கப் பேசவில்லை, அவ்வளவுதான். அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். நான் திருநெல்வேலிக்கு வந்துவிட்டேன். நாளைக்கு லேப் இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

அத்தான் போனில், "முழிக்கா, ஆனா பாக்க மாட்டேங்கா" என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஜன்னல்களுக்கு அத்தான் கறுப்புத் துணி அடித்திருக்கிறார். அழைப்பு மணியின் ஒயரை வெட்டிவிட்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். "அக்கா" என்றேன். அடி விழுந்த மாதிரி அவள் தோள் குறுகியது. அதன் பிறகு நான் எதுவும் பேசவில்லை. விழுங்க முடிகிறது. கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தால் இறங்குகிறது.

மார்ச் 4, செவ்வாய்

வெயிலும் காரணமாக இருக்கலாம். அன்று மதுரையில் வெயில் அதிகம்.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்துத் தெருவில் கல்யாணம். ரேடியோ கட்டியிருந்தார்கள். அத்தான் போய்ப் பெண்ணின் அப்பாவிடம் பேசினார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மண்டபத்துக்குக் கரண்ட் இணைப்பில் கோளாறு வந்தால் தானே வந்து இலவசமாகப் பார்ப்பதாகச் சொல்லி, கையைப் பிடித்துக் கெஞ்சி, ஒலிபெருக்கியை எதிர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார். வந்து என்னிடம் காபி நீட்டினார். "நீ அடுத்த வாரம் வரலன்னாலும் பரவால்ல காந்தி. ஒனக்கும் அலச்சல்தான" என்றார். என்மேல் எப்போதும் கரிசனம் உண்டு அவருக்கு.

மார்ச் 18, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. சார் வாசித்தார். ஆய்வின் நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால், அழைத்துவரப்பட்ட நோயாளி நீண்ட பயணத்துக்குப் பின்னும் மிகச் சிறப்பாகச் செயல்பட்டதைக் குழு கவனித்தது. நோயின் தீவிரம் பற்றிய ஐயம் தீரவில்லை. மனநலம், வாழ்க்கைமுறை சார்ந்த ஆய்வாக மாற்றி அமைத்தால் அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க அக்கா எப்படி இருக்காங்க? அசதி போயிட்டா?"

கொஞ்சம் அசதி என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். இப்போது உள்ளதைச் சொன்னேன். வெளிச்சம், சத்தம், கஞ்சி, எல்லாம்.

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டினார். பிறகு, "ஒரு மாசமா இப்படியா? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"முடிவு வரட்டும்னு இருந்தேன் சார்."

"முடிவு வரதுக்கு முன்னால சொல்லியிருந்தா அவங்களுக்கு எழுதியிருப்பேனே. அதுதானம்மா நம்ம ரெண்டாம் நாள்!" சத்தம் போட்டே அறியாத மனிதர். அப்புறம் தானே, "சொன்னா மட்டும் அவங்க வந்து பாத்திருக்கவா போறாங்க" என்று என்னைத் தேற்றுவதுபோல் சொன்னார்.

உடனே குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினார். சாயங்காலமே பதில் வந்தது. அக்கா விரைவில் நலம்பெறப் பிரார்த்திப்பதாகவும், முடிவு இறுதியானது என்றும்.

மார்ச் 24, திங்கள்

கல்லூரி அறையைத் திரும்பக் கேட்கிறது. மூன்றாவது மாடியில் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். பெரிய நிதி, ஐந்து வருடம். சார் எனக்காகப் பேசியிருக்கிறார். சரி என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

ஃப்ரீசரைக் காலி செய்தோம். வேறு கல்லூரிகளில் சார் கேட்டுப் பார்த்தார், யாரிடமும் இடம் இல்லை. குப்பிகளை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டோம். பெயர்கள் கிடையாது, எண்கள்தான். ஆனால் எனக்குத் தெரியும். நெசவுக்காரர். கல்லூரிப் பெண். அக்காவின் இரண்டையும் நான் எடுத்தபோது சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொன்னேன். கல்லூரிப் பெண் மட்டும், "அப்போ எனக்கு இருக்கது நோய்தானேக்கா? அதையாச்சும் எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

மூன்றாவது மாடி. எல்லாம் புதுசு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது.

மே 11, ஞாயிறு

ஜெபசிங் சார் ஓய்வு பெற்றுவிட்டார். இன்று அவராகவே பஸ் ஏறித் தென்காசி வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டுச் சத்தம் வராமல் உள்ளே வந்து, அக்காவின் அறை வாசலில் நின்றார். கதவைத் திறக்கட்டுமா என்று அத்தான் சைகையில் கேட்டார். சார் வேண்டாம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் அந்தச் சாத்திய கதவின் முன்னால் தலை குனிந்து நின்றுவிட்டு, அத்தானின் கையைப் பிடித்தார். அத்தானும் விடாமல் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நானும் கூடவே நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு மாற்றமும் இல்லை. அக்காவின் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டோம். சிக்கு எடுக்க முடியவில்லை. கத்திரிக்கோல் சத்தம் கேட்காமல் இருக்க ஒவ்வொரு கொத்தாக, மெதுவாக. அத்தான்தான் வெட்டினார்.

ஜூலை 6, ஞாயிறு

குற்றாலத்தில் சீசன். தென்காசி முழுக்கச் சாரலும் காற்றும். மேலகரத்தில் கம்பி அறுந்து விழுந்துவிட்டது என்று காலையிலேயே அத்தானைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

என் தோளில் ஏதோ பட்டது. அக்காவின் விரல். திரும்பினேன். இருட்டில் அவள் கண் திறந்திருந்தது.

"காந்தி."

குரல் காற்றைப் போலத்தான் வந்தது. நான் பதில் சொல்லப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன ஆச்சு?"

இதற்குப் பதில் தயாராக இருந்தது. கேட்டால், பணம் கிடைத்துவிட்டது என்று சொல்வதாக அத்தானும் நானும் பேசி வைத்திருந்தோம். வாயில் வரவில்லை.

"குடுக்கலக்கா" என்றேன், அவள் காதுக்குள்.

கண்ணை மூடினாள். திறந்தாள். "நல்லாப் பேசலியோ?"

"ரொம்ப நல்லாப் பேசின. அதான்."

அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு வாய் ஒரு பக்கமாக இழுத்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அவள் சிரிக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"அன்னைக்கு நான் நானா இருந்தேம்ட்டி."

"பேசாதக்கா. போதும்."

"அடுத்த வாட்டி யாரையும் கூட்டிட்டுப் போவாத." மூச்சு வாங்கினாள். வெகு நேரம் கழித்துத்தான் மிச்சத்தைச் சொன்னாள். "அவங்கள வரச் சொல்லு. வீட்டுக்கு."

"சரிக்கா."

லேப் இல்லை, சார் இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். அவள் விரல் என் தோளிலேயே இருந்தது. அப்படியே தூங்கிப்போனாள். அது விழுந்துவிடக் கூடாது என்று நான் அசையாமல் இருந்தேன்.

ஜூலை 7, திங்கள்

லீவு போட்டேன். மொட்டைமாடிக்குப் போய் ஜெபசிங் சாருக்குப் போன் செய்தேன். நோயாளிகளை எங்கும் வரவழைக்காமல் அவரவர் வீட்டுக்கே நாம் போனால் என்ன, நிதி கொடுப்பவர்களையும் அங்கேயே கூட்டிப்போனால் என்ன என்று கேட்டேன்.

"யாரும்மா வருவா?" என்றார். பிறகு, "சரி, எழுதுங்க. எழுதிப் பாப்போம்."

அக்கா இன்று கண் திறக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசிய அத்தனை வார்த்தைக்கும் சேர்த்துத்தான் இது. கஞ்சி பாதி வெளியே வந்துவிட்டது.

காலையில் அத்தான் வேலைக்குக் கிளம்பாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னெல்லாம் பேசுனா? ஒண்ணொண்ணாச் சொல்லு" என்றார். ஞாயிறன்றே சொல்லியிருந்தேன். மறுபடியும் சொன்னேன். சிரித்ததைச் சொன்னேன். எந்தப் பக்கம் வாய் போனது என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். "ஆமா, அப்படித்தான் சிரிப்பா" என்றார்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "என்னையப் பத்தி ஏதும் கேட்டாளா?"

"கேட்டா அத்தான். 'ஒங்க அத்தான் சாப்பிட்டாவளா'ன்னு கேட்டா."

"சாப்பிட்டேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

அவர் தலையாட்டிக்கொண்டார். எழுந்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வேலைக்குப் போனார்.